ஒரே எண்ணிலிருந்து வந்த நேயர்கள்

1. நோட்டில் விழுந்த முதல் சந்தேகம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஆவடி பக்கம் ஒரு கல்லூரி நடத்தும் சமுதாய வானொலியில் பாட்டு லைப்ரரியைப் பார்த்துக்கொள்ளப் போனேன். எதையும் நாளும் நேரமும் போட்டு எழுதாவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. சேர்ந்த அன்றே ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டேன்: நாள், நேரம், நேயர் பெயர், ஊர், போன் எண், கேட்ட பாட்டு, பாட்டு முழுதாகப் போனதா.

எங்கள் மதிய நிகழ்ச்சி சினிமாவில் வராத தமிழ் பாப் பாட்டுகளுக்கானது. கேசட் காலத்தில் டீக்கடைகளிலும் ஷேர் ஆட்டோக்களிலும் ஓடியவை. இன்று எந்த ஸ்டேஷனும் தொடாதவை. பெரும்பாலானவற்றை என்னிடம் இருந்த கேசட்டுகளிலிருந்து நானே கம்ப்யூட்டருக்கு ஏற்றினேன். நேயர்களிடம் பேசுவது அறிவிப்பாளர் கவிதாவின் வேலை. நிலையத்தை நடத்துபவர் சேகர்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பழைய பக்கங்களைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். திருநின்றவூர் மாலா, குத்தம்பாக்கம் எல்லம்மா, திருமுல்லைவாயில் ரேவதி. மூன்று பெயர், மூன்று ஊர், ஆனால் ஒரே போன் எண். மூவரும் கேட்டது ஒரே பாட்டு.

அது ஒரு மின்ரயில் பாட்டு. பையன் பிளாட்பாரத்தில் நிற்கிறான். பெண் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் போகிறாள். தினமும் பார்க்கிறான், அவள் இந்த ஸ்டேஷனில் இறங்குவதே இல்லை. இரண்டு சரணம், கடைசியில் ஒரு விசில். அவ்வளவுதான். அதற்கு வாரத்துக்கு இத்தனை ரசிகைகளா?

அதற்குப் பின் ஒவ்வொரு அழைப்பையும் ஹெட்போனில் கேட்டேன். எல்லாம் பன்னிரண்டு நாற்பதுக்குப் பிறகே வந்தன. பின்னால் எப்போதும் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம். அடுத்த வாரம் புதன்கிழமை "மாலா" வந்தபோது கவிதாவிடம் சீட்டு எழுதி நீட்டினேன். அவள் தயங்கிக் கேட்டாள்.

"நேத்து இதே நம்பர்ல எல்லம்மா பேசுனாங்களே?"

"அது வேற ஆளு மேடம். அவ பேசுனா பேசுனதுதான், நான் பேசக் கூடாதா? பாட்டப் போடு மேடம், டைமாவுது."

பின்னால் யாரோ, "அந்த விசிலுக்கு அப்பால நிறுத்தாம வுடச் சொல்லு" என்றாள். நான் அதையும் எழுதிக்கொண்டேன், பொருள் புரியாமலேயே.

அன்று மாலை அந்த எண்ணுக்கு நானே போன் செய்தேன். ஒரு ஆண் எடுத்தார்.

"மாலாவா? அப்டி யாரும் இங்க இல்லியே."

"எல்லம்மா? ரேவதி?"

"யார்யா நீ, பொம்பள பேரா அடுக்கினே போற? போன வைய்யா."

எனக்கு அது போதுமானதாக இருந்தது.

2. அறிக்கை

சேகர் அந்த நேரத்துக்குச் சினிமாப் பாட்டு போடலாமா என்று ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சிக்கு உண்மையான நேயர்கள் உண்டு என்று காட்டினால் தொடரலாம், இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்பது கல்லூரிக் கமிட்டியின் பேச்சு. என் நோட்டைப் பார்த்ததும் சிரித்தார்.

"பழைய கேசட்காரன் எவனோ ஆள் வச்சு ஓட்டுறான் சார். அந்தப் பாட்டத் திரும்ப வெளியிடப் போறானோ என்னவோ. நீங்க எழுத்துல குடுங்க."

வெள்ளிக்கிழமை கொடுத்தேன். இரண்டு பக்கம். "அழைப்புகள் ஒரே நபரால் அல்லது ஒரே குழுவால் திட்டமிட்டுச் செய்யப்படுபவை" என்று முடித்திருந்தேன். கவிதா அதைப் படித்துவிட்டு என் மேஜையில் வைத்தாள்.

"நீங்க போலீஸ்ல இருந்திருக்கணும் சார். குரல் வேற வேற, எனக்குத் தெரியும்."

"குரலை மாத்திப் பேசலாம்மா. நம்பரை மாத்த முடியாது."

"அப்ப ஒரு தடவ நேர்ல போய்ப் பாத்திருக்கலாமே?"

அது எனக்குக் கோபத்தை வரவழைத்தது. பரிசோதகனாக இருந்த நாளில் பார்க்காத பொருளுக்கு நான் கையெழுத்துப் போட்டதே இல்லை.

3. கேட்

சனிக்கிழமை பன்னிரண்டு நாற்பதுக்கு அந்த எண்ணை மறுபடி கூப்பிட்டேன். இம்முறை ஒரு பெண் எடுத்தாள். ரேடியோவிலிருந்து என்றதும், "ஐய, ரேடியோ சாரு!" என்று கத்தி, இடத்தைச் சொன்னாள். அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்வரிசையில் ஒரு தையல் யூனிட். ஆட்டோவில் போனேன்.

கேட்டில் செக்யூரிட்டியின் மேஜை மேல் ஒரு மரப்பெட்டி. அதில் வரிசையாகப் போன்கள், ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய பிளாஸ்திரி. போன் உள்ளே போகக் கூடாதாம், வேலை முடிந்து போகும்போதுதான் திருப்பித் தருவார்களாம். சூப்பர்வைசர் செல்வியிடம் மட்டும் ஒன்று இருக்கும். மாலையில் நான் பேசியது அவள் வீட்டுக்காரரிடம்.

சாப்பாட்டு நேரம் இன்னும் முடியவில்லை. செல்வியோடு ஏழெட்டுப் பெண்கள் டிபன் பாக்ஸ்களுடன் வெளியே வந்தார்கள்.

"நான் மாலா, சார். இது எல்லம்மாக்கா. பொய்யின்னு நெனச்சிகினியா?"

"நெனச்சேம்மா."

"நெனச்சாராம்டி!" ஒரே சிரிப்பு.

செல்வி மட்டும் சிரிக்கவில்லை. "இன்னா சார் பண்றது? நாங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். மூணாவது சரணத்த ஏன் போட மாட்டேன்றீங்க? விசில் வந்ததும் கட் பண்ணிட்றீங்க."

"அந்தப் பாட்டுக்கு ரெண்டு சரணம்தான்."

"மூணு. நான் ஸ்கூல் படிக்கசொல்ல கேட்டுகீறேன். அதுலதான் கத முடியுது. அவ எறங்குவான்றேன் நானு. எல்லம்மாக்கா எறங்க மாட்டான்றாங்க. சண்ட முடியலன்னுதான் ஆளுக்கு ஒரு நாளு போன் பண்றோம். நீதான பாட்ட வச்சிகினு கீறே, நீயே சொல்லு சார். எறங்குனாளா, இல்லியா?"

கேட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து என் கேசட்டைப் போட்டுக் கேட்டேன். நண்பனின் கேசட்டிலிருந்து ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கியது அது. விசில் தேயும் இடத்தில் ஒரு குரல் பாடத் தொடங்குகிறது. அங்கே டேப் தீர்ந்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அந்தக் கால் நொடியை வெட்டி, விசிலோடு பாட்டு ஓய்வதுபோல் அழகாக முடித்தவன் நான்தான். நோட்டின் கடைசிக் கட்டத்தில், அந்தப் பாட்டுக்கு நேராக, எல்லா நாளும் "முழுதாக" என்று என் கையெழுத்தில் இருந்தது.

4. ஞாயிறு

திங்கட்கிழமை சேகரிடம் அறிக்கையைத் திருப்பிக் கேட்டேன். சனிக்கிழமையே கமிட்டிக்குப் போய்விட்டது என்றார். மறுப்பு எழுதிக் கொடுத்தேன். கடைசியில், நிகழ்ச்சியை அறவே நிறுத்தாமல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள். ஒரு மாதம் பார்ப்பார்களாம். ஞாயிறு யூனிட்டுக்கு விடுமுறை. ஒன்றாக உட்கார்ந்து சண்டை போடும் இடம் மூடியிருக்கும். செல்வியிடம் போனில் சொன்னேன். "அப்டியா சார்" என்று மட்டும் சொன்னாள்.

முதல் ஞாயிறு பன்னிரண்டரைக்குத் தொடங்கினோம். கவிதா, "மின்ரயில் பாட்டின் மூன்றாவது சரணம் எங்களிடம் இல்லை. தவறு எங்களுடையது. முழுக் கேசட் யாரிடமாவது இருக்கிறதா?" என்று நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்தாள். பத்து நிமிடம் போன் அசையவில்லை. சேகர் கண்ணாடிக்கு வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு அடித்தது. திருநின்றவூர், மாலா. புதிய எண். அடுத்தது குத்தம்பாக்கம், எல்லம்மா. இன்னொரு எண். ஞாயிற்றுக்கிழமை அந்த மரப்பெட்டி காலியாக இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. திருமுல்லைவாயில் ரேவதி தன் மாமாவிடம் அந்தக் கேசட் இருப்பதாகவும், எலி கடிக்காமல் இருந்தால் கொண்டுவருவதாகவும் சொன்னாள். நிகழ்ச்சி முடிவதற்குள் ஏழு அழைப்பு, ஏழு எண். சேகர் உள்ளே வந்து நோட்டை எட்டிப் பார்த்து, எண்களை எண்ணிவிட்டுப் போனார்.

ஏழாவது செல்வி. "சாரு பக்கத்துல கீறாரா மேடம்? நம்பர எழுதிக்கச் சொல்லுங்க. இது என் பொண்ணுது. பழைய நம்பர்ல பண்ணா ஒத்துக்க மாட்டாரு."

எழுதிக்கொண்டேன்.

கேசட் வந்தது. அடுத்த ஞாயிறு முழுப் பாட்டும் போனது. மூன்றாம் சரணத்தில் அவள் இறங்குகிறாள். இறங்கி அவனிடம் மணி கேட்கிறாள். அவனிடம் வாட்ச் இல்லை. அதோடு பாட்டு முடிகிறது. செல்வி ஜெயித்ததாகச் சொல்கிறாள். எல்லம்மா, இதெல்லாம் இறங்கினதாகக் கணக்கில் வராது என்கிறாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே எண் என்றால் ஒரே போன் என்று மட்டும் எழுதுங்கள். பேசுவது யார் என்று போய்ப் பார்த்த பிறகு எழுதுங்கள். நேயரைச் சந்தேகப்படும் முன் உங்கள் பிரதியைக் கடைசி நொடிவரை கேளுங்கள். பழைய பக்கங்களில் "முழுதாக" என்று இருந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டு, மேலே சிவப்பு மையில் "பாதி" என்று எழுதி, திருத்திய நாளையும் போட்டிருக்கிறேன்.