தொட்டிக்குள் குதித்தவன்

தோல் பதனிடும் ஷாப்பில் பாதுகாப்புப் பயிற்சி. காலித் தொட்டிக்குள் பொம்மையைப் போட்டு, "காப்பாத்துங்க" என்று பயிற்சியாளர் விசில் ஊதினார். முருகன் உடனே குதித்தான்.

"உள்ள விஷவாயுப்பா. நீ அவுட்டு!" என்றார் பயிற்சியாளர்.

எல்லோரும் சிரித்தார்கள். இவர்களுக்கு மேஸ்திரி நான். சிரிக்க என்ன இருக்கிறது?

சின்ன வயதில் ஒருநாள், ஷாப்பில் வேலை செய்த அப்பாவுக்கு அம்மாவோடு சோறு கொண்டுபோனேன். ஷாப்பு முழுக்க அழுகிய முட்டை நாற்றம். கழிவுத் தொட்டிக்குள் சித்தப்பா மயங்கிக் கிடந்தார். இறங்கப் போன அப்பாவின் இடுப்பை அம்மா கட்டிக்கொண்டாள்.

"விடுடி, என் தம்பிடி!"

"நீயும் செத்தா நான் இன்னாய்யா பண்ணுவேன்?"

அவள் விடவில்லை. சித்தப்பாவைப் பிணமாகத்தான் தூக்கினார்கள். அதன்பின் அப்பா சாகும்வரை அம்மா கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

முருகன் இளித்துக்கொண்டே மேலே ஏறினான். "சும்மா ஆட்டம்தானே, அண்ணே."

"பொம்மையை மறுபடி போடுங்க சார்," என்றேன். "இவன் குதிக்காம நிக்கிற வரைக்கும் எவனும் வீட்டுக்குப் போவக் கூடாது."