முழங்காலால் பிடிக்கிற வண்டி

அந்த வருடங்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீடு ஷார்ஜாவில், ஆபீஸ் துபாயில். கம்பெனி வேன் நகர்வதைவிட நிற்பதுதான் அதிகம். கணவருக்கு அபுதாபியையும் தாண்டி, ருவைஸில் வேலை. மாதத்துக்கு இரண்டு முறை வந்தால் பெரிது. விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடிப்பேன். டீ போடுவேன், குடிக்க மறந்து ஜன்னலுக்குப் போய்விடுவேன்.

ஆபீஸில் அடுத்த மேஜையில் என் வயதுக்காரி ஒருத்தி, யாழ்ப்பாணத்துப் பெண். இருவரும் கட்டட வரைபடம் போடுகிறவர்கள். அவளிடம் மணலில் ஓட்டும் பைக் ஒன்று சொந்தமாக இருந்தது.

"ஒருக்கா வந்து பாருமன்" என்றாள் ஒருநாள்.

கோயம்புத்தூரில் ஸ்கூட்டி ஓட்டிய தைரியத்தில் போனேன். ஹத்தா சாலையோரம், செம்மணல் மேடுகள் தொடங்கும் இடம். அங்கே பைக் வாடகைக்கு விடும் பெஷாவர்க்காரரிடம் எனக்கும் ஒரு வண்டி எடுத்தோம். முதல் மேட்டைத் தாண்டுவதற்குள் என் முன்கைகள் கல்லாகிவிட்டன. கிளட்சைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. மடங்கியது விரியவில்லை. வண்டியைக் கீழே போட்டுவிட்டு, கைகளைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவள் திரும்பி வந்து இறங்கினாள். "நீர் வண்டி ஓட்டேல்ல. ஹேண்டில்பாரில தொங்கிக்கொண்டு வாறீர்."

"பிடிக்கலைன்னா விழுந்துர மாட்டேனுங்களா?"

"எல்லாத்தையும் கையால பிடிச்சா முழங்கால் என்னத்துக்கு இருக்கு?"

நிற்கிற வண்டியில் என்னை ஏற்றி, முன்சக்கரத்தைத் தன் கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டாள். பாதத்தின் முன்பகுதியை ஃபுட்ரெஸ்டில் ஊன்றி எழச் சொன்னாள். முழங்கால்களால் டேங்கை இறுக்கி, இடுப்பில் மடங்கி, முழங்கையைச் சற்று உயர்த்தி வெளியே விரிக்கச் சொன்னாள். கிளட்சுக்கு ஒரு விரல் போதும் என்றாள். பிறகு, "இப்ப ரெண்டு கையையும் விடும். விழாமல் நிக்க ஏலுமோ?"

நின்றேன். ஆனால் வண்டி ஓடத் தொடங்கியதும் மறந்துபோகும். வேகம் கூடினால் உடல் பின்னால் போகும், கைகள் தாமாக இறுகும். அதற்குப் பின் வந்த வெள்ளிக்கிழமைகளிலெல்லாம் இதே கதைதான். சனிக்கிழமை மவுஸைப் பிடிக்கவே வலிக்கும். ஆனாலும் வியாழக்கிழமை மத்தியானமே, எப்போது விடியும் என்று இருக்கும்.

ஒருமுறை வழக்கத்தைவிட உள்ளே போனோம். ஒரு மேட்டின் மறுபக்கம் செங்குத்தாக இறங்கியதை அவள் எதிர்பார்க்கவில்லை. நான் உச்சிக்கு வந்தபோது, வண்டி ஒருபுறம் கிடந்தது, அவள் ஒருபுறம் கிடந்தாள். சரிந்து இறங்கி ஓடினேன்.

"தோள்பட்டை எலும்பு உடைஞ்சுபோட்டுது போல கிடக்கு" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "இங்க போன் சிக்னல் எடுக்குதில்ல. நீர் போய் ஆரையும் கூட்டிக்கொண்டு வாரும்."

கிளம்பினேன். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் என்பது மட்டுமே தலையில் இருந்தது. இரண்டாவது மேட்டிலேயே கைகள் பூட்டிக்கொண்டன. பிரேக் பிடிக்க முடியாமல் மணலில் புதைந்து நின்றேன். வாய்விட்டு அழுதேன். அங்கே அவள் தனியாகக் கிடக்கும்போது, இங்கே நான் நின்று கையை உதற வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு கடினமாக எதற்கும் காத்திருந்ததில்லை. விரல்கள் விரிந்ததும் மறுபடி ஏறினேன். எழுந்து நின்றேன். முழங்கால்களை டேங்கில் அழுத்தினேன். ஏற்றத்தில் மார்பை முன்னால் கொண்டுபோனேன். கைப்பிடியை, பறவைக் குஞ்சைப் பிடிப்பதுபோலத் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். வண்டி எனக்குக் கீழே தன்பாட்டுக்கு ஆடியது, அதை ஆடவிட்டேன். சாலை தெரிகிறவரை கை வலிக்கவில்லை.

"பாய், ஜல்தி! தோஸ்த் கிர் கயா!" தோழி விழுந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கத்தினேன்.

பெஷாவர்க்காரர் வேறெதுவும் கேட்கவில்லை. "யல்லா" என்று ஜீப்பைக் கிளப்பினார். என் டயர்த் தடத்தைப் பிடித்தே போனோம். அவள் ஹெல்மெட்டை முகத்துக்கு நிழலாகக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தாள்.

"தண்ணி கொண்டந்தனீரோ?"

நான் கொண்டுபோகவில்லை. ஜீப்பில் இருந்தது.

கழுத்தையொட்டித் தோள்வரை போகும் காறை எலும்புதான் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கையைத் துணித் தொட்டிலில் போட்டு அனுப்பினார்கள். சாயங்காலம் கணவர் போனில் கத்தினார். "உனக்கெதுக்கு இந்த வேலையெல்லாம்?"

"வீட்டுல சும்மா இருக்க முடியலைங்க."

எந்த இடம், எவ்வளவு தூரம் என்று விசாரித்தார். "அடுத்த தடவை நானும் வர்றேன்" என்றார் கடைசியில்.

வந்தார். அவள் தன் வண்டிச் சாவியை எனக்குக் கொடுத்திருந்தாள். சும்மா நின்றால் வண்டி கெட்டுப்போகுமாம். அவர் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெயிலில் நின்று, நான் மேட்டில் ஏறுவதையும் மறைவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து இறங்கியபோது என் கைகளைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார்.

"வலிக்கலையா?"

"கை இல்லைங்க. தொடைதான்" என்றேன். வீட்டுக்கு வந்தால், அன்றைக்கு எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.