மடி வேஷ்டி காய்ந்த எர்த் கம்பி

பாத்திரம் தேய்த்தே வாழ்ந்த வெள்ளையம்மாளுக்கு, ஸ்ரீரங்கத்தில் தான் வேலை பார்க்கும் வீட்டுக் குழாயைத் தொட்டாலே குலை நடுங்கும். கிணற்றில் மோட்டார் வைத்ததிலிருந்து, ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பவளைக் குழாய் சுண்டி இழுத்தது.

“வேலைக்கள்ளி. நேக்கு ஒண்ணும் பண்ணலையேடி” என்றார் வீட்டுக்காரர் சேஷாத்ரி, கட்டைக் குறடு போட்ட காலோடு குழாயைத் தொட்டுக் காட்டி.

மோட்டார் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் பஷீர் அகமது சிரித்தார். “குறட்டைக் கழட்டிட்டுத் தொடுங்க சாமி.”

சேஷாத்ரி கையை இழுத்துக்கொண்டார்.

“மோட்டார்லேருந்து மண்ணுக்குப் போற எர்த் கம்பி எங்கேங்க? அது இருந்தா கரண்ட் ஆளைத் தாக்காம மண்ணுக்குள்ள போயிடுமே.”

“துணி காயப்போட வாட்டமா இருக்கேன்னு நான்தான் கழட்டிக் கொடியாக் கட்டினேன்.”

வெள்ளையம்மாள் நிமிர்ந்தாள். தன் உயிரைக் காக்கவேண்டிய கம்பியில், தான் தொடவே கூடாத அவருடைய மடி வேஷ்டி காய்ந்துகொண்டிருந்தது. வேஷ்டியை உருவிச் சேற்றில் போட்டாள். கம்பியை அவிழ்த்து நீட்டினாள்.

“கட்டிவிடுங்க பாய். நாளைக்கு வர்றவளாவது பொழைக்கட்டும்.”