உத்திரமேரூர் ஏரிக்கரைப் படத்தில் இருப்பவரைத் தேடிப் போன நாள்

போன வருடம் உத்திரமேரூர் ஏரிக்கரையில் நான் எடுத்த ஒரு படம் சென்னை, கொச்சி, பெர்லின் என்று மூன்று கண்காட்சிகளில் மாட்டப்பட்டது. ஒரு விருதும் வாங்கித் தந்தது. இருபது வருடமாகப் படம் எடுக்கிறேன். நாற்பத்தாறு வயதில் கிடைத்த முதல் பெரிய அங்கீகாரம். செய்தி வந்தபோது மதியம் மூன்று மணி. போனை எடுத்து, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் பெயர்களைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். பிறகு எழுந்து போய், காய்ந்த துணிகளை மடித்து வைத்தேன்.

படத்தில் ஒரு பெண் கரையில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். குனிந்த தலை, எதிரே கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். 'தனியள்' என்று பெயர் வைத்திருந்தேன். மார்ச்சில் சென்னையில் நடக்கவிருந்த என் தனிக் கண்காட்சிக்கும் அதே பெயர். அழைப்பிதழிலும் அதே படம். அந்தப் பெண்ணிடம் மட்டும் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவர் பெயர் அஞ்சலை என்பதையும் ஊரையும் அன்றே குறித்து வைத்திருந்தேன். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சட்டம் போட்ட பிரதி ஒன்றுடன் அனுமதி கேட்கக் கிளம்பினேன்.

தாம்பரத்தில் காலை 6.40 மின்சார ரயில், செங்கல்பட்டில் 7.30. அங்கிருந்து உத்திரமேரூருக்கு முப்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் பேருந்தில் ஒரு மணி பத்து நிமிடம் ஆகிவிடும். படத்தைப் பக்கத்து இருக்கையில் சாய்த்து வைத்திருந்தேன். "கூட ஆள் வருதாம்மா?" என்றார் நடத்துனர். இல்லை என்றேன். "அப்போ அத்த மடியில வச்சிக்கோ."

ஒன்பது மணிக்கு இறங்கி, நாற்பது ரூபாய்க்கு இட்லி வடை சாப்பிட்டேன். அஞ்சலையின் ஊர் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது. (ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் சொன்னதால் போடவில்லை.)

"எந்த அஞ்சல மேடம்? அந்தூர்ல மூணு அஞ்சல கீறாங்க" என்றார் ஆட்டோக்காரர். படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "முதுக வச்சி எப்டி சொல்றது? எப்டியும் நூறு நாள் வேலைக்குத்தான் போயிருப்பாங்க. கால்வாயாண்ட வுட்றேன்."

கால்வாயில் பெண்கள் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலைக்கு ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு மேலே வந்தார். "போட்டோக்காரம்மா தானே?" புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். மற்றவர்களும் சுற்றி நின்றார்கள்.

"இன்னா எயுதிக்கீது கீழ?"

"தனியள்னு. தனியா இருக்கறவங்கன்னு அர்த்தம் அக்கா."

"நான் எங்க தனியா இருந்தேன்? பன்னெண்டு பேரு வரிசையா குந்திக்கினு இருந்தோம். கருவாட்டுக் கொயம்பு பங்கு போட்டுக்கினு இருந்தேன், அதான் குனிஞ்சிக்கீறேன்." பக்கத்தில் நின்றவரைக் காட்டினார். "இவ என்னை இடிச்சிக்கினு இருந்தா. இவ எங்க?"

அவர் சொன்னது சரி. அன்று நான் இரண்டடி முன்னால் போய் மற்றவர்களைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளினேன். ஓரத்தில் மிச்சமிருந்த ஒரு முழங்கையை வீட்டில் வெட்டினேன். அந்த வருடம் எங்கே போனாலும் தனியாக இருப்பவர்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

"இங்க வேலைக்கு வந்த கணக்குக்கு டெய்லி ரெண்டு வாட்டி போட்டோ எடுக்கிறாங்க. எல்லாரும் நிக்கணும், மூஞ்சி தெரியணும்" என்றார் அஞ்சலை. கோபம் இல்லை, நிதானமாகத்தான் பேசினார். "எம் புருசன் போனப்ப ரெண்டு மாசம் எங்கூட்ல அடுப்பு எரியல. இவங்கதான் மாத்தி மாத்தி சோறு கொண்டாந்தாங்க. தனியான்னு போட்டா இவங்களுக்கு எப்டி இருக்கும்? படத்த மாட்டு, வாணான்னு சொல்லல. அந்தப் பேரு வாணாம்."

சரி என்றேன். பிறகு கேட்டார்: "நீ யாரு கூட வந்த?"

"யாரும் இல்லக்கா."

அவர் கைகழுவிவிட்டு, தூக்குவாளியிலிருந்து கூழை மூடியில் ஊற்றி நீட்டினார்.

பேருந்து நிலையத்திலிருந்து கண்காட்சிப் பொறுப்பாளருக்கு போன் செய்தேன். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, அந்தப் பெயர் இல்லாமல் கண்காட்சியே இல்லை என்றார். அப்படியானால் நடத்த வேண்டாம் என்றேன். அந்த இடம் வேறொருவருக்குப் போனது. இனி எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, இதுவரை கூப்பிடவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏரியில் தண்ணீர் இருக்கும். காலை ஒன்பதுக்குள் கரையில் இருங்கள், அதற்குமேல் வெயில். குடவோலைத் தேர்தல் கல்வெட்டு உள்ள மண்டபம் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். நான் அன்று போகவில்லை. திரும்பும்போது காஞ்சிபுரம் வழியாகவும் வரலாம், அங்கே அடிக்கடி பேருந்து உண்டு. மனிதர்களைப் படம் எடுத்தால், ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் அவர்களிடம் காட்டுங்கள். நான் மூன்று ஊர்ச் சுவர்களில் மாட்டிய பிறகுதான் காட்டினேன்.