மொம்பெறாக் சந்தைக்காரி

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாள், லண்டனில் டிராமில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜெயகௌரி கண்ணாடிக்கு வெளியே தன் ஊரைக் கண்டாள். தன் ஊர் என்றால் இலங்கையில் அவள் பிறந்த கோண்டாவில் அல்ல. பிரான்சின் தெற்கே ஒரு குன்றின்மேல் எழுநூறு வருடமாக அப்படியே இருக்கிற மொம்பெறாக். விளக்குக் கம்பங்களில் கட்டிய துணிகளில் அதன் சந்தை மண்டபம் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பருத்த மரத்தூண்கள், ஓட்டுக்கூரை, மூலையில் தானியம் அளக்கும் கல்தொட்டிகள், சுற்றிவர வளைவு வளைவாகக் கல் தாழ்வாரம். எங்கள் சகோதர நகரம் ஜூன் மாதம் வருகிறது, தேவாலயப் புல்வெளியில் மத்தியகாலப் பிரெஞ்சுச் சந்தை, அனைவரும் வருக என்று கீழே எழுதியிருந்தது.

அடுத்த தரிப்பிலேயே இறங்கித் திரும்பி நடந்துபோய் அந்தத் துணியை நின்று பார்த்தாள். வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் பிந்திப்போய் ஏச்சும் வாங்கினாள். அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஊருக்கு அவளும் புருசன் புவனேந்திரனும் போனது பழமை பார்ப்பதற்கு அல்ல. சதுக்கத்து ஹோட்டலில் கோப்பை கழுவ ஆள் தேவை என்று பாரிசில் யாரோ சொன்னார்கள், போனார்கள். மொம்பெறாக் அழகான ஊர். அழகான ஊர்களுக்கு இருக்கிற கொழுப்பும் அதற்கு உண்டு. யன்னல் கதவுக்கு என்ன நிறம் பூசலாம் என்பதற்குச் சட்டம். ஒரு ஓடு உடைந்தால் அதே மண்ணில் செய்த அதே நிற ஓடுதான் போடவேண்டும். கல்லுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற மனிதர்களை ஜெயகௌரி அதற்குமுன் கண்டதில்லை. அவள் விட்டுவந்த இடத்தில் வீடுகளே குண்டுபட்டுப் போய்க்கொண்டிருந்தன. அதனால் முதலில் அவளுக்குச் சிரிப்பும் பிறகு எரிச்சலும் வந்தன.

முதற் சண்டை டிஷ்ஷால் வந்தது. தமிழ்த் தொலைக்காட்சி பார்க்கவென்று புவனேந்திரன் பாரிசிலிருந்து ஒரு டிஷ் கொண்டுவந்து முன்சுவரில் பூட்டிவிட்டார். இரண்டாம் நாளே புராதனப் பாதுகாப்பு அதிகாரி வந்து நின்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சுவரில் இது என்ன சட்டிமூடி என்று கேட்டார். புவனேந்திரன் நடுங்கிப்போய்க் கழற்றினார். ஜெயகௌரி அதைக் கொண்டுபோய்ப் பின்வளவில் அத்திமரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, முன்னால் கொடிகட்டிச் சேலையைக் காயப்போட்டாள். சேலை காய்ந்தும் எடுக்கவில்லை, வருடக்கணக்காக எடுக்கவில்லை. ஊர் முழுக்கத் தெரியும், சட்டத்துக்கு மட்டும் தெரியாது.

பிறகு அவள் வியாழக்கிழமைச் சந்தையில், உறைப்பான இறைச்சிக்கறியை உள்ளே வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற றோல்ஸ் விற்கத் தொடங்கினாள். மண்டபத்துக்குள் நெருப்பு மூட்டக்கூடாது என்பது அந்தக் காலத்திலிருந்தே வருகிற கட்டுப்பாடு. ஆகவே விடிய எழும்பி வீட்டில் பொரித்துச் சூட்டோடு கொண்டுபோவாள். சனங்கள் முதலில் மூக்கைச் சுளித்தார்கள். பிறகு ஒன்று வாங்கித் தின்று கண்ணீர் விட்டார்கள். கடைசியில், அது இல்லாத வியாழக்கிழமையில் எங்கே எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். சதுக்கத்துப் பழைய கல்லைப் பெயர்த்துத் தார் போட நகரசபை லொறி அனுப்பியபோது, முன்னால் கதிரை போட்டு வழிமறித்தவர்களில் அவளும் ஒருத்தி. எரிச்சல் எப்போது பாசமாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. கல் நின்றது. அதில் அவளுக்கு இன்றுவரை ஒரு திமிர் உண்டு.

மகள் தர்ஷினிக்கு ஆங்கிலப் படிப்பு வேண்டும் என்று எல்லாரையும் போல அவர்களும் லண்டனுக்கு வந்து மிச்சம் என்கிற பகுதியில் வீடு எடுத்தார்கள். மிச்சத்துச் சொந்தக்காரருக்கு அவள் "பிரான்ஸ்காரி". வேலையிடத்தில் அவள் ஸ்ரீலங்காப் பெண். கோண்டாவிலில் அவர்களுடைய காணியில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். நீ எந்த ஊர் என்று யாராவது கேட்டால் அவளுக்கு நெஞ்சில் வருவது மொம்பெறாக்தான். சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொல்வதில்லை. இப்போது அந்த ஊரே லண்டனுக்கு வருகிறது. அந்தச் சந்தையில், அந்த ஊர்க்காரியாக, தன் மேசையைப் போட்டு நிற்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் அவள் ஒற்றைக்காலில் நிற்கிற ஆள்.

மகளையும் கூட்டிக்கொண்டு கவுன்சிலுக்குப் போனாள். சந்தைக்குப் பொறுப்பான ஹெதர் என்ற பெண்மணி தேநீர் தந்து உபசரித்தாள். இனிமையாக மறுப்பதில் இங்கிலாந்துக்காரரை ஒருவரும் வெல்ல ஏலாது. ஜெயகௌரியின் கதை எவ்வளவு அழகான கதை என்றாள். ஆனால் இது மத்தியகால நகரத்தின் பாரம்பரியத்தைக் காட்டுகிற சந்தை, பாலாடைக்கட்டி, தேன், கிறேப் என்கிற பிரெஞ்சுத் தோசை என்று எல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்றாள். செப்டெம்பரில் உலக உணவு விழா நடக்கும், அதில் ஸ்ரீலங்காவுக்கென்று கட்டாயம் ஒரு மேசை தருவேன் என்றாள்.

"அம்மா, leave it" என்றாள் தர்ஷினி, வெளியே வந்ததும்.

"என்னத்தை விடுறது? நான் என்ன பிச்சையே கேட்டனான்? அந்த மண்டபத்திலை என்ரை கால் நிண்ட இடம் தேய்ஞ்சிருக்கும். இவ எனக்குச் செப்டெம்பரைக் காட்டுறா."

வீட்டில் புவனேந்திரன் தன் பங்குக்கு அவள் ஆசையில் தண்ணீர் ஊற்றினார். "உமக்கேன் தேவையில்லாத வேலை? ஆரும் எங்களைத் தேடி வராமல் இருக்கிறதே பெரிய நிம்மதி. நாளைக்கு ஒரு பிரச்சினை எண்டால் ஆர் பதில் சொல்லுறது?"

"நீங்கள் காரை மட்டும் ஓடுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

சந்தை நாள் காலையில் அவள் றோல்ஸ் பொரித்துப் பெரிய பெட்டிகளில் அடுக்கினாள். மடக்கு மேசையை எடுத்தாள். மொம்பெறாக்கில் கட்டிய நீல ஏப்ரனைக் கட்டினாள். உணவுச் சுகாதாரச் சான்றிதழைக் கைப்பையில் வைத்தாள். "மொம்பெறாக் றோல்ஸ்" என்று பிரெஞ்சில் எழுதிய பலகை ஒன்றைத் தர்ஷினி கொண்டுவந்து பேசாமல் காரில் வைத்தாள். விடு என்று சொன்ன பிள்ளை அதை எப்போது எழுதினாள் என்று ஜெயகௌரி கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள் போலிருந்தது, அழுவதற்கு அது நேரமில்லை.

புல்வெளியில் மேசைகள் நிரையாக நின்றன. கோடுபோட்ட கூடாரங்கள், வைக்கோல், மத்தியகால உடுப்புப் போட்ட இரண்டு கோமாளிகள். மொம்பெறாக்கில் ஒருவரும் அப்படி உடுத்தி அவள் கண்டதில்லை. புவனேந்திரன் காருக்குள்ளேயே இருந்துவிட்டார். ஜெயகௌரி நிரையின் முனையில் போய், மேசையை மடித்தபடியே காலடியில் சாய்த்துவைத்துவிட்டு நின்றாள். ஒருவரோடும் பேசவில்லை.

பார்ப்பவர்களுக்கு அது வீம்பாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அது அந்த ஊர்ச் சந்தையின் முறை. நிரந்தர இடம் இல்லாத வியாபாரிகள் விடிய வந்து நிரையின் முனையில் நிற்பார்கள். மணி அடிக்கும்வரை நிற்கவேண்டும், வாய் திறந்து இடம் கேட்கக்கூடாது. மணி அடித்தபின் எந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறதோ அது முதலில் வந்து நின்றவருக்கு. அரசன் காலத்து முறை என்பார்கள். தொடக்கத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க ஜெயகௌரி அப்படித்தான் நின்று இடம் பிடித்தவள்.

அன்று கிறேப் போடுகிறவருடைய வான் கலேத் துறைமுகத்தில் பழுதாகி நின்றுவிட்டது. நிரையின் நடுவில் வாய்பிளந்தபடி ஒரு இடம். தேவாலயத்து மணி அடித்தது. ஜெயகௌரி மேசையைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே விரித்தாள். பலகையை முன்னால் சாய்த்தாள். பெட்டியைத் திறந்ததும் பொரியல் மணம் வைக்கோல் மணத்தைத் துரத்திவிட்டது.

ஹெதர் ஓடிவந்தாள். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, ஆனால் விளிம்பில் வெடித்திருந்தது. இது சரிவராது, நாங்கள் ஏற்கெனவே பேசினோம்தானே என்று தொடங்கினாள். அந்த நேரம் பக்கத்து மேசைக்காரர், வெள்ளை மீசை வைத்த மனிதர், பாலாடைக்கட்டி வெட்டும் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினார். அவர் முசியே லபோர்த். மொம்பெறாக்காரர், வந்திருந்த வியாபாரிகளுக்குத் தலைவரும் அவர்தான். அங்கே மண்டபத்தில் ஜெயகௌரிக்கு அடுத்த மேசை அவருடையது. அவர் ஜெயகௌரியை மேலும் கீழும் பார்த்தார். கட்டிப்பிடிக்கவில்லை, சுகம் விசாரிக்கவில்லை.

"மதாம், உங்கள் மேசை திரும்பவும் என் பக்கம் வந்துவிட்டது" என்றார் பிரெஞ்சில்.

"என் மேசை அதன் இடத்தில்தான் நிற்கிறது முசியே. உங்களுடையதுதான் எப்போதும் போல அங்குலம் அங்குலமாக நகர்கிறது" என்றாள் ஜெயகௌரியும் பிரெஞ்சில்.

"பதினொரு வருடம் இதைத்தான் சொன்னீர்கள்."

"பதினொரு வருடமும் அது உண்மை."

இந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியுமா என்று ஹெதர் ஆங்கிலத்தில் கேட்டாள். தெரியாமல் என்ன, இவளோடு சண்டை பிடித்தே என் பாதி மீசை நரைத்தது என்றார் அவர், ஓட்டை ஆங்கிலத்தில். மணி அடித்துவிட்டது, இடம் வெறுமையாக இருந்தது, இவள் முதலில் வந்து நின்றாள், ஆகவே இடம் இவளுடையது என்றார். உங்களுக்கு மத்தியகாலச் சந்தை வேண்டும் என்றீர்களே, இதுதான் அது என்றும் சொன்னார். சொல்லிவிட்டு அவளுடைய மேசையை முழங்காலால் ஒரு அங்குலம் தள்ளினார். ஜெயகௌரி அதே அங்குலத்தைத் திருப்பித் தள்ளினாள்.

ஹெதர் அரைவாசி இறங்கிவந்தாள். விற்கலாம், ஆனால் அந்தப் பலகையை மட்டும் எடுத்துவிடவேண்டும் என்றாள். சனங்களுக்குக் குழப்பமாக இருக்கும். ஸ்ரீலங்காச் சிற்றுண்டி என்று எழுதினால் எவ்வளவு நல்லது.

"இல்லை" என்றாள் ஜெயகௌரி. அவளுடைய ஆங்கிலம் நீளமான வாக்கியங்களுக்குப் போதாது. ஒரு சொல்லுக்குத் தாராளமாகப் போதும்.

எங்கோ ஒரு கூடாரம் சரிகிறது என்று யாரோ கூப்பிட, ஹெதர் போய்விட்டாள். சனம் சூழ்ந்தது. மிச்சத்துச் சொந்தக்காரரும் கேள்விப்பட்டு வந்தார்கள். "பிரான்ஸ்காரியின்ரை கடை எங்கை?" என்று ஒருத்தி உரத்துக் கேட்டாள். வந்த பிரெஞ்சுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து வாங்கிப்போனார்கள். லபோர்த் இரண்டு வாங்கி, உறைப்புக் கூடிவிட்டது, முன்னைய கை இல்லை என்று குறைசொல்லிக்கொண்டே தின்றார். ஜெயகௌரிக்கு அந்தக் குறையைக் கேட்கக் கேட்க உடம்பெல்லாம் குளிர்ந்தது. இரண்டு மேசையையும் தூக்கிக்கொண்டு ஆடலாம் போல இருந்தது.

மத்தியானம் மேயர் வந்தார். கழுத்தில் தங்கச் சங்கிலி, பின்னால் பத்திரிகைப் படப்பிடிப்பாளர். மொம்பெறாக்கிலிருந்து வந்தவர்களோடு ஒரு படம் வேண்டும் என்றார்கள். கூடாரங்களுக்கு முன்னால் எல்லாரும் நிரைக்கு வந்தார்கள். ஜெயகௌரியும் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு லபோர்த்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

ஹெதர் கிட்ட வந்து, அவளுடைய முழங்கையைத் தொட்டு, மெதுவாகத்தான் சொன்னாள். இந்தப் படம் நகரத்து ஆட்களுக்கு மட்டும். அடுத்ததாக உங்களைத் தனியே ஒன்று எடுப்போம், அழகாக எடுப்போம்.

லபோர்த் வாயைத் திறக்கப் போனார். ஜெயகௌரி அவரைக் கையால் மறித்தாள். இதை அவர் சொல்லி நடக்கக்கூடாது. இடத்தை அவர் வாங்கித் தந்தது போதும், இந்தப் படத்தில் அவளை ஒருவரும் நிறுத்தத் தேவையில்லை.

"நான் நகரத்து ஆள்" என்றாள் ஆங்கிலத்தில். முழங்கையை விடுவித்துக்கொண்டாள். நகரவில்லை. சங்கிலி போட்ட மேயர் தன் சப்பாத்தைப் பார்த்தார். ஹெதரின் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று கீழே போனது.

அப்போதுதான் ஜெயகௌரி கார் நின்ற பக்கம் பார்த்தாள். புவனேந்திரன் கதவைத் திறந்து வெளியே வந்து, காரின்மேல் கையை ஊன்றியபடி நின்றார். மொம்பெறாக் ஹோட்டலின் நிலத்துக்குக் கீழிருந்த சமையலறையில் கோப்பை கழுவிக் கழுவியே அவருடைய வாலிபம் போனது. சதுக்கத்தை அவர் பகல் வெளிச்சத்தில் பார்த்த நாட்கள் குறைவு. எந்தப் படத்திலும் ஓரத்துக்குப் போகிற மனிதர்.

"இஞ்சேருங்கோ" என்று கத்திக் கூப்பிட்டாள். புல்வெளி முழுக்கக் கேட்டது. "அங்கை என்ன செய்யிறியள்? மொம்பெறாக் ஆக்களை நிக்கட்டாம். வாங்கோ."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு காரைப் பூட்டினார். புல்லுக்கு மேலால் நடந்துவந்து, சேர்ட்டை இழுத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். எல்லாரையும் படத்துக்குள் அடக்குவதற்குப் படப்பிடிப்பாளர் இன்னும் ஒரு அடி பின்னால் போகவேண்டியிருந்தது.