சென்னம்மாளின் ஆறடி பீரோ

எங்கள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற சென்னம்மாளின் எட்டாம் வகுப்புச் சான்றிதழுக்குப் பின்பக்கம் ஒரு போர்வெல்காரரின் போன் நம்பர் எழுதியிருக்கிறது. எழுதியவர் அவள் மாமனார் மாதவராஜ். கையில் கிடைத்த காகிதத்தில் எழுதினார், அவர்மேல் என்ன தப்பு? அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் அந்தக் காகிதம் கிடந்ததைத்தான் சொல்ல வேண்டும். ஆபீஸில் நகல் கேட்கிறார்கள் என்று நான் சொல்லப்போக, அவள் நாலு நாள் வீட்டைப் புரட்டிப்போட்டுத் தேடி, கடைசியில் மாமனாரின் பழைய பஞ்சாங்கத்துக்குள்ளிருந்து அதை எடுத்து வந்தாள்.

"எனக்குன்னு ஒரு பூட்டு இல்லீங்க டீச்சர்" என்றாள். அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

என்னைவிட இரண்டு வயது சின்னவள், நாற்பத்து நாலு. கடத்தூருக்குப் பக்கத்தில் வீடு. ஒரு ஹால், இரண்டு ரூம். ஒரு ரூம் ஓரகத்தி நிர்மலாவுக்கும் அவள் புருஷனுக்கும். அதில் நிர்மலா சீராகக் கொண்டுவந்த இரும்பு பீரோ நிற்கிறது. இன்னொரு ரூம் சென்னம்மாளுக்கும் கோவிந்தனுக்கும், அதோடு வீட்டு ராகி மூட்டைகளுக்கும். கோவிந்தன் வாரத்தில் ஆறு நாள் ஓசூரில் சென்ட்ரிங் வேலையில் இருப்பான். சென்னம்மாளின் சேலைகள் ஜவுளிக்கடை கட்டைப்பைகளில், கட்டிலுக்கு அடியில். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான்.

காலை நாலரைக்கு எழுந்து பால் கறந்து, வீட்டுக்குச் சமைத்து, பள்ளிக்கு வந்து நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்குச் சமைத்து, போய் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்து, மறுபடியும் வீட்டுக்குச் சமைக்கிறவள். சமைத்துச் சமைத்தே தேய்ந்த மனுஷி. அவள் அந்த வீட்டில் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் தனக்கென்று ஒரு பீரோதான்.

மரம் இருந்தது. காட்டில் காற்றுக்கு விழுந்த வேம்பை மில்லில் அறுத்து, இரண்டு வருஷமாக மாட்டுக்கொட்டகையில் அடுக்கிக் காயவைத்திருந்தார்கள். மாமனாரும் சரி என்றுவிட்டார். ரூமில் மூலையிலிருந்து கதவு நிலை வரைக்கும் ஐந்தரை அடிச் சுவர். ஐந்தடி அகலம் போதும் என்று சென்னம்மாள் கணக்குப் போட்டிருந்தாள்.

அங்கேதான் மாதவராஜ் மனையடி சாஸ்திரத்தை எடுத்து வந்தார். எத்தனை அடி வைத்தால் என்ன பலன் என்று சொல்கிற புத்தகம். ரூம் கட்டுவதற்குச் சொன்னது, பீரோவுக்கு இல்லை. அதுகூடப் பரவாயில்லை. அவரிடம் இருந்த புத்தகம் ஆறடியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஆறு நல்லது, ஏழு ஆகாது, எட்டு நல்லது என்று போகிறது. ஆறுக்குக் கீழே ஒரு வரிகூடக் கிடையாது. ஐந்தடியில் யாரும் ரூம் கட்ட மாட்டார்கள் என்று புத்தகம் போட்டவர் விட்டிருப்பார். மாதவராஜ் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பலனே சொல்லாத அளவில் ஒரு சாமானை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, ஆறடி வையுங்கள் என்றார். கதவை மறைக்குமே என்றதற்கு, நிலையை அரையடி தள்ளி வைத்துக்கொண்டால் போகிறது என்றார். கோவிந்தன் தலையாட்டினான். அவன் அப்பாவிடம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டி நான் பார்த்ததில்லை.

நீயாவது சொல்லக் கூடாதா என்று சென்னம்மாளைக் கேட்டேன். பீரோ வந்தால் போதும், அளவுக்குச் சண்டை போட்டு அதையும் இல்லாமல் ஆக்கிக்கொள்ள வேண்டாம் என்றாள்.

வாசலில் தகர ஷீட்டுக்குக் கீழே ஐந்து ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. சென்ட்ரிங் போடுகிறவர்கள் ஆணியை முழுக்க இறக்க மாட்டார்கள். கான்கிரீட் இறுகியதும் பலகையைப் பிரிக்க வேண்டுமே, தலையைக் கொஞ்சம் வெளியே விட்டுத்தான் அடிப்பார்கள். கோவிந்தனின் கைக்கு அதுதான் பழக்கம். அவன் அடித்துக்கொண்டே போக, சேலை மாட்டிக் கிழியுமே என்று இவள் பின்னாலேயே சுத்தியலோடு போய் ஒவ்வொரு தலையையும் உள்ளே இறக்கினாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது முழுக்க அவள்தான். திங்கட்கிழமைகளில் கரண்டியைப் பிடிக்க முடியாமல் இடது கையால் சாம்பார் ஊற்றினாள். இரண்டடிக்கு ஒரு கதவாக மூன்று கதவு, மூன்றுக்கும் பூட்டு, ஒரே சாவி. வார்னிஷ் அடித்த அன்று போனில் போட்டோ எடுத்துவந்து காட்டினாள். அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். நன்றாகவே இருந்தது, பீரோவும் சிரிப்பும்.

நிலையைத் தள்ளி வைக்கும் வரைக்கும் ஹாலில் நிற்கட்டும் என்றார்கள். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, நிலைக்கு மேலே லிண்டல் கான்கிரீட் இருக்கிறது, யோசிக்க வேண்டும் என்று போனார். யோசித்துக்கொண்டே இருந்தார். அதற்குள் ஆடி வந்தது, ஆடியில் நிலையில் கை வைக்கக் கூடாது. அப்புறம் கடலை பிடுங்குகிற வேலை. அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஹாலில் நிற்கிற சாமான் எல்லாருக்கும் பொது. முதலில் மாமியார் ராமக்காளின் மாத்திரை டப்பா போனது. அடுத்து நிர்மலாவின் இரும்பு பீரோவில் இடம் போதாத பட்டுச்சேலைகள். பட்டா, ரேஷன் கார்டு, டிவி ரிமோட், விதைப் பொட்டலம். சாவி எல்லாருக்கும் வசதியாக காலண்டர் ஆணியில் தொங்கியது. சென்னம்மாளுக்கு மூன்றாவது கதவுக்குள் அடித்தட்டு மிஞ்சியது, அதுவும் ஐப்பசியில் போர்வைகளுக்குப் போய்விட்டது. அவள் சேலைகள் மறுபடியும் கட்டைப்பைக்குள் ஏறின. கட்டைப்பை பீரோவின் தலைமேல் ஏறியது. இதில் ஒரு புது வேலையும் சேர்ந்தது. உன் பீரோதானே, அதை எடுத்துக்கொடு, இதை எடுத்துக்கொடு என்று ஆளாளுக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

எனக்குக் கோபமாக வந்தது. அவளுக்கு அதுவும் வரவில்லை. விடுங்க டீச்சர், பழக்கந்தானுங்களே என்றாள். அந்தப் பழக்கத்தின்மேல்தான் எனக்குக் கோபம்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, ராகி வாங்க அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹால் கட்டிலில் துணியும் காகிதமும் மாத்திரையும் மலையாகக் கிடந்தன. பீரோவின் மூன்று கதவும் திறந்து உள்ளே காலி. சென்னம்மாள் ரம்பத்தைக் கோவிந்தனிடம் நீட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாவது கதவுக்கும் மூன்றாவது கதவுக்கும் நடுவில் உள்ளே தடுப்புப் பலகை இருக்கிறது, அதை ஒட்டி மூன்றாவது கதவுப் பக்கமாக மேலும் கீழும் அறுத்தால் நாலடி தனி, இரண்டடி தனி. நாலடி ரூமுக்கு, இரண்டடி ஹாலுக்கு. எத்தனை நாளாக மனசுக்குள் அளந்து வைத்திருந்தாளோ.

மாதவராஜ் எழுந்து வந்தார். கத்தவில்லை. நிஜமாகவே பயந்த குரலில்தான் கேட்டார்.

"ஆறடிக்கு வெச்சதை அறுத்தா குடும்பத்துக்கு ஆவுமாம்மா? நாலுக்கு என்ன பலன்னு புத்தகத்துலயே இல்லியே."

சென்னம்மாள் அவரைப் பார்த்துப் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"இல்லீங்க மாமா. நல்லதுன்னும் போடல, கெட்டதுன்னும் போடல. எனக்கு அது போதுமுங்க."

கோவிந்தன் அப்பாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு ரம்பத்தை வாங்கிக்கொண்டான். அறுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. வேம்பு அறுபடுகிற கசப்பு வாசனை ஹால் முழுக்க. ராமக்காள் தும்மிக்கொண்டே மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலடித் துண்டைச் சாய்த்துப் பிடித்து ரூமுக்குள் கொண்டுபோக நானும் ஒரு பக்கம் கைகொடுத்தேன். சுவருக்கும் நிலைக்கும் நடுவில் ஒன்றரை அடி மிச்சம் வைத்து நின்றது. ஹாலில் நின்ற இரண்டடித் துண்டு சாயாமல் இருக்க, கோவிந்தன் அதை ஜன்னல் கம்பியோடு கம்பி போட்டுக் கட்டினான். அறுத்த பக்கம் பலகையில்லாமல் திறந்து கிடந்தது, அடுத்த வாரம் அடைத்துத் தருகிறேன் என்றான்.

புதன்கிழமை சமையலறைக்குள் போய், என்னென்ன வைத்தாய் என்று கேட்டேன்.

"இன்னும் ஒண்ணும் வெக்கலீங்க டீச்சர்."

"ஏன், சேலையெல்லாம்?"

"கட்டைப்பையிலதான் இருக்குது." பருப்பைக் கடைந்துகொண்டே சொன்னாள். "ராத்திரி தெறந்து வெச்சிக்கிட்டு அது முன்னால சும்மா உக்காந்திருக்கறேனுங்க. அந்த வூட்டுலயே யாரோடதும் இல்லாத எடம் அது ஒண்ணுதான். எஞ்சேலையக்கூட உள்ள வெக்க மனசு வரல."

பெல் அடித்தது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வர ஆரம்பித்தார்கள், அவள் எழுந்து சோற்றுக் குண்டானை வாசலுக்கு இழுத்துப் போனாள்.