கத்தி நின்ற இடம்

சலவைக் கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லை. எல்லோருக்கும் அவர் 'மூணாம் பிரதி'. டெண்டர் எழுதுவது அவர் வேலை. யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், "மூணாம் பிரதி ஆகட்டும், அப்புறம் பேசுவோம்" என்பார். அதற்கு முன்னால், முதலாளியே தலைகீழாக நின்றாலும், ஒரு தாள் வெளியே போகாது.

முதல் பிரதி கொட்டுகிற பிரதி. மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார். இரண்டாவது வெட்டுகிற பிரதி. 'உலகத் தரம்', 'ஈடு இணையற்ற சேவை' மாதிரியான ஜம்பமெல்லாம் அதில் பறந்துவிடும். மூன்றாவது காதுப் பிரதி. தொழில் தெரியாத ஒருவருக்கு அதை வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். டெண்டரைப் பிரித்துப் படிக்கிற அதிகாரிகளுக்கும் சலவையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்பது அவர் கட்சி. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காது அவர் மனைவியுடையது.

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்பாள். புரிகிறவரை கத்தி ஓடும். புரியாத இடத்தில் நின்றுவிடும். அவர் தாளின் ஓரத்தில் பென்சிலால் கோடு இழுப்பார்.

"என்னவாம்?"

"மெஷின் மெஷின்னு பெருமை பேசறீங்களே, அது படுத்துக்கிட்டா?"

இப்படி எதையாவது கேட்டு வைப்பாள். அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனாலும் திருத்திவிடுவார். அவள் கத்தியைத் தாண்டிப் போன டெண்டர் தோற்றது அபூர்வம்.

அவள் இப்போது கடல் தாண்டி மகள் வீட்டில் இருக்கிறாள். பிரசவம் பார்க்கப் போனவள், குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாள். பிறகு பல் முளைக்கட்டும் என்றாள், நடக்கட்டும் என்றாள். குழந்தை இப்போது ஓடுகிறதாம். "இந்த மாசக் கடைசிக்கு டிக்கெட் போடச் சொல்லியிருக்கேங்க" என்று போன தடவை சொன்னதைத்தான் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவருக்குப் பேச்சுத் துணை ஃப்ரிட்ஜ்தான். அதுவும் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு அடங்கிவிடும். ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போதெல்லாம் அவள் வந்துவிட்டால் தேவலை என்றிருக்கும். வாய்விட்டுச் சொல்லிவிடலாம்தான். மனுஷர் வாய் டெண்டருக்கு மட்டும்தான் திறக்கும்.

இந்த நேரம் பார்த்துப் பெரிய ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளுக்கு டெண்டர் வந்தது. கொட்டினார், வெட்டினார். காதுப் பிரதிக்குப் போன் போட்டார்.

வாசிக்க வாசிக்க அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது, ஏதோ பாத்திரம் உருண்டது. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் "நல்லா இருக்குங்க" என்றாள். கேள்வியே இல்லை. அவருக்குச் சந்தேகம் தட்டியது. வாசித்த பக்கத்தையே மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தார்.

"இதுவும் நல்லா இருக்குங்க" என்றாள்.

அவர் போனை வைத்துவிட்டார். கோபம் வரவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு யார்தான் சலவையைக் காது கொடுத்துக் கேட்பார்கள்? ஆனால் தாளின் ஓரத்தில் ஒரு பென்சில் கோடுகூட விழவில்லை.

மறுநாள் சாயங்காலம் பீன்ஸ் வாங்கிவந்து, அவள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். ஒரு கண் தாளில், ஒரு கண் பலகையில். விரலைக் கொஞ்சம் அரிந்துகொண்டதுதான் மிச்சம் என்று எழுந்திருக்கப் போனவர், இயந்திரங்களைப் பற்றிய பத்தியில் கத்தியை நிறுத்தினார். அது படுத்துக்கொண்டால்? நோயாளிக்கு எதை விரிப்பார்கள்? துவைத்த விரிப்புகள் கொஞ்சம் எந்நேரமும் ஆஸ்பத்திரியிலேயே தனியாக இருக்கும் என்று எழுதிச் சேர்த்தார். நறுக்கிய பீன்ஸ் ஒருவர் சாப்பிடுகிற அளவா என்ன? பாதி வீணாய்ப் போயிற்று.

டெண்டர் கிடைத்தது. முதலாளி அவர் மேசைக்கே வந்துவிட்டார். "அண்ணே, அந்த விரிப்பு விஷயத்துலதான் கவுத்துட்டீங்க. வேற எவனும் அதை யோசிக்கலையாம்!"

"அது என் வீட்டுக்காரம்மா கேட்டது" என்றார்.

"அவங்க ஊர்லயே இல்லையேண்ணே!"

அவர் சிரித்து மழுப்பினார். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் போன் போட்டார்.

"கிடைச்சிடுச்சும்மா!"

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்ங்க" என்றாள். உடனே, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

சொன்னாள். மகளுக்குப் புது வேலை, பொறுப்பு ஜாஸ்தி. மாப்பிள்ளைக்கு இரவு ஷிப்ட். குழந்தையைக் காப்பகத்தில் விட்டால் சளி பிடித்துக்கொள்கிறது. ஆகையால் இன்னும் ஒரு வருஷம்.

எப்போதும் அங்கே தொட்டு இங்கே தொட்டுப் பேசுகிறவள், ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. அவருக்குத் தெரியாதா? யாருக்கோ வாசித்துக் காட்டித் திருத்திய பேச்சு அது. மூணாம் பிரதி. முழுக்கத் தேடிப் பார்த்தார். அதில் அவர் எங்கேயும் இல்லை. கத்தி நிற்க வேண்டிய இடம் அதுதான். அவர் கேள்வி கேட்கவில்லை.

"சரிம்மா. நல்லாத்தான் இருக்கு" என்றார்.



"கேட்டீங்களா, இல்லையா? இன்னொரு தடவை சொல்றேன்" என்று அவள் மகளின் வேலையிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை குரல் பிசிறியது.

அவர் கடைசிவரை கேட்டார்.

"நல்லா இருக்கும்மா" என்றார்.